கண்ணாடியான கொடிகள்

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தத் தோட்டத்தின் நாற்பது வரிசைத் திராட்சைக் கொடிகளும் கண்ணாடியாகிவிட்டன. இலையும் காயும் பழையபடியே இருந்தன. தண்டு மட்டும் உள்ளே பார்க்கும்படி தெளிந்திருந்தது. தோட்டக்காரி தொட்டுப் பார்த்தாள். பட்டையின் சொரசொரப்பு மாறவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஓடையை ஒட்டிய வரிசைகளில் இலையோரம் கருகிக்கொண்டே வந்தது. தாகம் என்று நினைத்து அவளும் கணவனும் ஓடையிலிருந்து தோட்டத்தின் நடுவரை வாய்க்கால் வெட்டினார்கள். கரை சரியாமலிருக்க ஓடைப் புதரையே பிடுங்கி வந்து இருபுறமும் நட்டார்கள். புதர் செழித்தது. கருகல் பதினோரு வரிசைக்குப் பரவியது.

இப்போது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. நல்ல கொடிகளில் மயிரிழைக் குழாய்கள் வழியே தண்ணீர் வேரிலிருந்து நுனிவரை ஏறியது. பம்பு கிடையாது, சத்தம் கிடையாது. இலை வெயிலில் ஒரு துளியை ஆவியாக விட, அது கீழிருந்து அடுத்த துளியை இழுத்துக்கொண்டது. கருகிய கொடிகளில் அதே குழாய்கள் கஞ்சி உறைந்ததுபோல் அடைபட்டுக் கிடந்தன. வேரடியில் ஈரம் நிற்க, இலை தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

புதரிலிருந்து அரிசிமணி நீளத்துப் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்து ஊசி வாயைத் தண்டில் இறக்கியது. இறக்கியதும் அதுவும் கண்ணாடியானது. தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கவிட்டது.

“அண்ணி, காலையில உக்காந்தது இன்னும் எந்திரிக்கல. எங்க வீட்டுக்காரர்கூடச் சாப்பாட்டுல இவ்வளவு நேரம் உக்கார மாட்டார்,” என்றாள் கணவனின் தங்கை.

தோட்டக்காரி சிரிக்கவில்லை. பூச்சியின் தொண்டையில் மாவுபோல் ஒட்டியிருந்த கிருமிகளில் ஒரு துணுக்கு பிய்ந்து குழாய்க்குள் இறங்கி, சுவரைப் பற்றிக்கொண்டு பெருகத் தொடங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதரிலிருந்து வந்த பூச்சிகளின் தொண்டையிலெல்லாம் அந்த மாவு இருந்தது. புதருக்கோ ஒரு வாட்டமும் இல்லை. புதரையும் கருகிய வரிசைகளையும் வேரோடு எடுத்துவிடலாம் என்றாள் கணவனிடம்.

“புதரை வெட்டுறேன். பதினோரு வரிசையையும் பிடுங்கிட்டா எதை வச்சுடி பிழைக்கிறது?” என்றான் கணவன். “பாதிக் குழாயில இன்னும் தண்ணி ஓடுதே!”

“குழாயைப் பார்க்காதீங்க. அதுல குடிச்சிட்டுப் போற பூச்சியோட தொண்டையைப் பாருங்க.”

மதியம்வரை பார்த்தான். சுத்தமான தொண்டையோடு வந்த பூச்சி, மாவோடு பக்கத்து வரிசைக்குப் போனது. அவன் எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வந்தான்.

தங்கள் கையால் நட்ட புதரை முதலில் தோண்டினார்கள். பிறகு பதினோரு வரிசையையும். பிடுங்கியவை காய மூன்று வாரமானது. அதற்குள் மீதி இருபத்தொன்பது வரிசைகளில் ஓர் இலைகூடப் புதிதாகக் கருகவில்லை.

குவியலுக்குத் தீ வைத்தபோது புகை வரவில்லை. இரண்டு வருடமாக வழியில் நின்றுபோயிருந்த தண்ணீர் மெல்ல மேலே ஏறி, இலைகள் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் சற்று நேரம் பளபளத்து நின்றது. பக்கத்து வீட்டார் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள்.