ஊறுகாய் ஸ்பூனில் அளந்த தோட்டா

என் வீட்டுக்காரர் ஜெயவேலு பெரிய வீரர். செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த நிலத்தை ஃப்ளாட் கட்டுகிறவர்களுக்கு விற்றதும், உயிருக்கு ஆபத்து என்று மனுப் போட்டு ரிவால்வர் லைசென்ஸ் வாங்கினார். அவரைக் கொல்ல எவன் மெனக்கெடுவான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒருத்தனும் அகப்படவில்லை.

கல்யாண வீடுகளில் சட்டையை ஒதுக்கி, இடுப்பில் இருப்பதை எல்லாருக்கும் காட்டுவார். சுடத்தான் வராது. முதல் தடவை சுட்டதில் மணிக்கட்டு சுளுக்கி, ஒரு வாரம் நான் தைலம் தேய்த்தேன். எங்கள் மகள் தேவதர்ஷினி தவழ்ந்துபோய் துப்பாக்கி இருக்கும் பீரோவைத் திறக்க ஆரம்பித்த நாளிலிருந்து, அந்தச் சனியன் வீட்டைவிட்டுத் தொலைய வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

போன சட்டசபைத் தேர்தல் சமயத்தில், கைக்கு அதிர்ச்சி குறையட்டும் என்று எங்கள் வீட்டுத் துரை தானே தோட்டா தயாரித்தார். சுட்டுப்போட்ட காலித் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தைக் குறைத்துப் போட்டால் போதுமாம். அளந்தது என் ஊறுகாய் ஸ்பூனில். தேர்தல் முடிகிறவரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், மறுநாள்தான் கடைசி. அதற்குள் சோதித்துவிட வேண்டுமென்று மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனார். சுவரோரம் குறிக்கு வைத்தது, லாரித் தண்ணீர் பிடிக்கும் என் குடத்தை. வயிறு எரிந்து பின்னாலேயே போனேன்.

சுட்டார். நமுத்த பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. குடம் அப்படியே இருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா, கையே ஆடல!" என்றார்.

"குண்டு எங்கங்க?"

"குறி தப்பிடுச்சு. இன்னொண்ணு போடறேன், பாரு."

"குடத்துலயும் படல, சுவத்துலயும் படல. உள்ளயே மாட்டிக்கிச்சுங்க!"

"உனக்கு இன்னா தெரியும்? வூட்டுக்குப் போ."

மறுபடி நீட்டினார். பாய்ந்து அவர் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். திட்டினேன், அழுதேன். பிறகுதான் மிச்சத் தோட்டாக்களை வெளியே எடுத்தார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் துப்பாக்கிக் குழாயில் விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. வழி அடைத்திருந்தால் அடுத்த குண்டு எங்கே போகும்? குழாய் வெடித்து இவர் முகத்துக்குத்தான் வரும். வீரருக்கு வேர்த்து ஊற்றியது.

மறுநாள் ஸ்டேஷனுக்குத் துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். ரைட்டர் துப்பாக்கியை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள அடைச்சிகினு கீது?"

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நான் இல்லாதப்ப இவ எடுத்து நோண்டிட்டா சார். பொம்பளைங்களுக்கு இன்னா தெரியும்?"

நேற்று நான் பிடித்த அதே கையால் என்னைக் காட்டினார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இவரே மருந்த குறைச்சு தோட்டா பண்ணாரு சார்" என்றேன். "மிச்சம் வீட்டுல இருக்கு. வாங்க, காட்டறேன்."

தேர்தல் முடிந்ததும் மற்றவர்களெல்லாம் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவருக்கு லைசென்ஸ் போய், கேஸ் வந்தது. இப்போதும் கல்யாண வீடுகளில் பழக்கதோஷத்தில் சட்டையை ஒதுக்குகிறார். உள்ளே செல்போன் இருக்கிறது.