கோப்பையின் மேல் வைத்த அட்டை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மேசை மேல் கிடக்கும் வட்ட அட்டையிலிருந்து பிறந்தது. பியர் கோப்பைக்கு அடியில் வைப்பார்களே, அது. செக் நாட்டு டெல்ச் ஊர் மதுக்கடையிலிருந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். திருட்டுதான்.

'சனிக்கிழமை காலை ஏரியில் மூடுபனி...' (வேண்டாம். மூடுபனியில் தொடங்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.)

'ப்ரோகோப் தன் முன்னாள் மனைவி ரூஜெனாவை எட்டு ஆண்டுகளுக்குப் பின்...'

ப்ரோகோப் என்று யாரும் இல்லை. அது நான், பொஹ்தான். ரூஜெனாவுக்கு மட்டும் வேறு பெயர் வைக்க மனம் வரவில்லை.

2

அவள்தான் எழுதியிருந்தாள்: "சண்டை போட்டதெல்லாம் போதும். சனி ஞாயிறு டெல்ச் வர்றியா?"

தனித்தனி அறை எடுத்தோம். கோட்டை மாளிகையில், தரை கீறாமலிருக்க, காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தபோது அவள் வழுக்கி என் முழங்கையைப் பிடித்தாள். அடுத்த அறை வரைக்கும் விடவில்லை. [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.]

3

ஞாயிறு பிற்பகல், சதுக்கத்து மதுக்கடை.* பரிமாறுபவள் இவெத்தா.

"நாலு பத்துக்கு பஸ்," என்றாள்.

"தெரியும்."

"தெரியும்னு மட்டும் சொல்லு. இருன்னு சொல்லிடாதே, வாய் சுளுக்கிக்கும்."

சிரித்து மழுப்பினேன். என் இரண்டாவது கோப்பையில் இரண்டு வாய் மிச்சமிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"சரி, நீ சொல்ல வேணாம். இவெத்தா உனக்கு அடுத்தது கொண்டாந்து வெச்சா நான் பஸ்ஸை விட்டுடறேன். நாளைக்கு உன்கூடவே ப்ராகுக்கு வந்துடறேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன். என் கை அட்டையை எடுத்துக் கோப்பை மேல் வைத்தது.

'இரண்டோடு நிறுத்து' என்பது எங்கள் கல்யாணத்தின் சட்டம். போட்டவள் அவள். இருபத்திரண்டு ஆண்டுகள் கீழ்ப்படிந்த கை, மணமுறிவுக்குப் பிறகும் மறக்கவில்லை.

"என்னங்கய்யா, ரெண்டுலயே கவுந்துட்டீங்க?" என்று இவெத்தா பில்லை வைத்துவிட்டுப் போனாள்.

ரூஜெனா மேலங்கியை மாட்டிக்கொண்டாள். "பதில் வந்தாச்சு," என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

* எங்கள் ஊர்க் கடைகளில் கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். போதுமென்றால் அட்டையால் மூட வேண்டும். வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

4

முடிவு ஒன்று: பஸ்ஸின் பின்னால் ஓடுகிறேன். (என் முட்டியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இரண்டு: இவெத்தா அட்டையைக் கவனிக்காமல் மூன்றாவதை... (முப்பது வருட அனுபவசாலி. நடக்காது.)

முடிவு மூன்று: கையின் மேல் பழி போடுவதை நிறுத்துகிறேன். பழக்கம் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே. நாக்குமா பழக்கத்தில் கிடந்தது? பயந்தேன். வந்தவள் மறுபடி போய்விடுவாளோ என்று பயந்து, இப்போதே போகவிட்டேன். அவள் வேண்டும் எனக்கு. இதை எழுத எத்தனை காகிதம்!

5

ரூஜெனா எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். அதனால், வாசகரே, நீங்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். கதைக்கு எந்த முடிவு வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரி உங்களுக்கு இல்லை.

அட்டையை எடுத்துவிட்டேன், ரூஜெனா. இரு.