நுரைத்த தண்ணீர்

என் கணவர் சந்தனசாமியின் வலது பாதத்துப் புண்ணுக்கு ஐந்து மாதமாகிறது. சிங்கப்பூருக்கு இக்கரையில், தம்போய் ஊரில் கார் பட்டறை வைத்திருக்கும் மனிதர். இரும்புத் துண்டு குத்தியிருக்கிறது. இனிப்பு நீர் வியாதியால் மரத்த கால் வலியைச் சொல்லவில்லை. போன மாதம் டாக்டர் ரூபேந்திரன் புது ஜெல் ஒன்று கொடுத்தார். குரோத் ஃபேக்டராம், சதையை வளரச் செய்யுமாம். உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு மெல்லியதாகத் தடவ வேண்டும். நான்கு வாரத்தில் புண் சுருங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

மகள் கிளாரிசாவுக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் போனால் இரவுதான் வருவாள். ஆக, கால் என் பொறுப்பு.

“ஏன்தான் இந்தப் புண்ணு ஆற மாட்டேங்குது?” என்று வீடு திரும்பும்போது காரில் இவரிடம் கேட்டேன்.

“ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸாம். சீனி கூடுனா உள்ளுக்குள்ள துரு புடிக்குமாம். நம்ம பட்டறைக்கு வர்ற காரு மாதிரிதான் லா.”

துருவைப் பற்றி எனக்கா பாடம்? துருவை எடுக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் மறுபடி கொப்பளிக்கும் என்று இவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். துருவைக் கரைக்கட்டும் என்று கடையில் புண் கழுவும் பெராக்ஸைடு வாங்கினேன். தினமும் ஜெல்லுக்கு முன்னால் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. துரு வெளியே வருகிறதென்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருக்குப் புண்ணைப் பார்க்கப் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியோ கேட்பார்.

மூன்றாம் வாரம் புண்ணின் ஓரம் வெளுத்தது. உள்ளே துரு மிச்சமிருக்கிறதென்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்.

நான்காம் வாரம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, புண்ணை அளந்து பார்த்தார். புண் அரை சென்டிமீட்டர் கூடியிருந்தது.

“உப்புத் தண்ணி மட்டும்தானே?”

“என் சம்சாரம் செய்யுற மாதிரி ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸிங்ககூட செய்ய மாட்டாங்க, டாக்டர்,” என்றார் இவர், பெருமையாக.

டாக்டர் ஆபரேஷன் சம்மதப் பாரத்தை நீட்டினார். இவர் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். சொன்னால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் கால் போய்விடும். ஆண்டவரே! பாரத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

“கையெழுத்துப் போடாதீங்க,” என்றேன். “நான் பெராக்ஸைடு ஊத்துனேன். தினமும். துருவ எடுக்கலாம்னு.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “அக்கா, துரு புடிக்க வைக்கிறதே அந்தத் தண்ணிதான். போட்ட மருந்தையும் அது கெடுத்திருக்கும்.”

எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். எலும்புக்கு இன்னும் பரவவில்லையாம். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். பாரத்தைக் கிழிக்கவில்லை, ஃபைலுக்குள் வைத்தார்.

காரில் ஏறியதும் இவர் ரேடியோவைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை உப்புத் தண்ணீரும் ஜெல்லுமாக அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“கிளாரிசா வரட்டும்,” என்றார்.

மணி எட்டுகூட ஆகவில்லை, அவள் வர இரவாகும். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் கையைப் பார்த்துப் பயந்தார்.