படம் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை

"ஏனுங்க, வாய் அசையுது. சத்தம் எங்கீங்க?"

"வரும், இரு. பெட்டி கொஞ்சம் சூடாகோணும்."

"கால் மணி நேரமா இதையேதான் சொல்றீங்க. சூடாக அதென்ன தோசைக்கல்லா?"

காளியண்ணன் மேசைக்குப் பின்னால் தலையை விட்டு ஒயர்களைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டு டி.வி. போன வாரம் செத்துப்போயிருந்தது. புதிது வாங்கலாம் என்று சாரதாமணி சொன்னதற்கு, "எதுக்கு? டிசைன் போடற கம்ப்யூட்டரோட திரை சும்மாதானே கெடக்குது? ரெண்டும் ஒண்ணுதான்" என்று தறிக்கூடத்திலிருந்து மானிட்டரைத் தூக்கிவந்து கேபிள் பெட்டியோடு மாட்டிவிட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. பேச்சுதான் வரவில்லை.

சாரதாமணி ரிமோட்டை அமுக்கினாள். திரையில் பச்சைக் கோடு நூறு வரைக்கும் ஓடி நின்றது. பக்கத்துக் கூடத்தில் நாலு விசைத்தறி ஓடும் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

உள்ளூர் கேபிளில் பட்டிமன்றம். 'பெண் படிப்பதற்குத் துணை தாயா, தந்தையா?' மகள் ரஞ்சனி பேசுகிறாள். "உன்னையப் பத்தித்தாம்மா பேசியிருக்கேன், பாரு" என்று நேற்றுப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அப்போதிருந்து சாரதாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைக் காலேஜுக்கு விடாமல் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார வைத்தது அவள்தான். கல்யாணமான பிறகு அஞ்சல் வழியில் படித்துத்தான் ரஞ்சனி டீச்சரானாள். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. அதுதான் பயம்.

"கேபிள்கார அன்புக்குப் போனப் போடுங்க."

போட்டார்கள். "மானிட்டருக்குள்ள ஸ்பீக்கரே இருக்காதுங்கக்கா" என்றான் அன்பு. "பின்னால ஒரு வட்ட ஓட்டை இருக்கும். இயர்போன் சொருகிக் கேளுங்க."

காளியண்ணன் தன் இயர்போனை எடுத்துவந்தார். அதன் முனை சப்பை. ஓட்டை உருண்டை. திருப்பிப் பார்த்தார், எச்சில் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

"அதையும் ஒடச்சுப் போடுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன மகராசன்தானே!"

"நானா செஞ்சேன் இந்த ஓட்டைய?"

"தள்ளுங்க! புள்ள எந்திரிச்சுட்டா!"

ரஞ்சனி மைக் முன்னால் நின்றாள். பச்சைப் புடவை. சாரதாமணி திரைக்கு ஒரு முழம் தள்ளி முட்டி போட்டு உட்கார்ந்தாள். முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள் வேலை பார்த்தவள். அங்கே யாரும் காதால் கேட்பதில்லை. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சை வாங்கிக்கொள்வார்கள்.

"எங்கம்மா..." உதடு சொன்னது. "...பன்னெண்டாவது முடிச்ச அன்னிக்கு..."

"என்ன சொல்றா?" என்றார் காளியண்ணன்.

"பேசாதீங்க!"

"...மார்க் சீட்ட வாங்கி, பீரோவுல வெச்சுட்டு..."

அப்போது திரையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை எழும்பியது. கட்டில், மெத்தை, ஆடித் தள்ளுபடி. ரஞ்சனியின் கழுத்தை மூடி, தாடையை மூடி, மூக்கில் வந்து நின்றது. மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கலங்கியிருந்தன.

"அட நாசமாப் போன மெத்தையே! அக்கட்டால போயேன்!" சாரதாமணி பட்டையைக் கையால் வழித்தாள். திரை ஆடியது. பட்டை இறங்கியபோது ரஞ்சனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சனம் கை தட்டியது. வேறொருவர் எழுந்து வந்தார்.

சாரதாமணி மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். ஒண்ணும் கேக்கல. உங்கொப்பன் பண்ணுன வேலை."

"சரி விடு. அடுத்த வாரம் யூட்யூப்புல போடுவாங்க."

"அதுவரைக்கும் நான் எப்படிச் சோறு திங்கறது? இப்பச் சொல்லு. என்னையத் திட்டினியா?"

ரஞ்சனி குரலைத் தாழ்த்தினாள்.

"மேடையில சொல்லீட்டேன். உன்கிட்டச் சொல்ல வாய் வர மாட்டேங்குதும்மா. அதும் இந்தத் தறிச் சத்தத்துல நான் கத்திச் சொல்ற பேச்சில்ல அது."

சாரதாமணி கணவனைப் பார்த்தாள். "தறிய நிறுத்துங்க."

"பகல்லயா? பாவு ஓடிட்டிருக்குது..."

"நிறுத்துங்கன்னேன்."

அவள் முகத்தைப் பார்த்தவர் போய் மெயினை இறக்கினார். கூடத்துக்குள்ளிருந்து தறி ஓட்டும் அறிவுச்செல்வி, "கரண்ட் போயிருச்சுங்களா?" என்றாள்.

"இப்பச் சொல்லு சாமி."

"'எங்கம்மா என்னைய நிறுத்துனது தப்பு. அது தப்புன்னு எங்கம்மாவுக்கே தெரியும். ஆனா ஒரு நாளும் என்கிட்டச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா அன்னிக்கே ஆறியிருக்கும்.' முடிக்கறப்ப இவ்வளவுதாம்மா சொன்னேன்."

சாரதாமணி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"தப்புதான், கண்ணு. நான் பண்ணுனது தப்புதான்."

வாசற்படியில் காளியண்ணன் மெயின் பக்கம் கையை நீட்டினார். "போடட்டுமா?"

"இருங்க," என்றாள் சாரதாமணி. "புள்ள இன்னும் பேசறா."