முதல் சாப்பாடு

"தோன் எஜீதியோ! உங்க வீட்டுக் கோழி இன்னுமா வேகல? இல்ல, இப்பத்தான் முட்டைய உடைச்சிட்டு வெளிய வருதா?"

எதிர் வீட்டு லுக்ரேசியா தெருவில் நின்று அண்ணாந்து கேட்டாள். துக்க நாளிலும் அவள் நாக்குக்கு ஓய்வில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் வீட்டில் சமைத்தது வெள்ளைத் துணியால் மூடப்பட்டுக் காத்துக்கிடந்தது. ஊரே 'தோன்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடும் எஜீதியோ மாடி ஜன்னல் கதவைச் சாத்தினார்.

ரோக்காமூராவில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். முதல் சாப்பாடு மிக நெருங்கிய வீட்டிலிருந்து போக வேண்டும். அது போகாமல் வேறு யார் பாத்திரமும் அந்த வாசலைத் தாண்டாது. கொண்டுபோகிறவர் துக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். இந்தச் சாவில் எங்கள் வீட்டுக்குப் பங்கில்லை என்று வாய் திறக்காமல் செய்கிற சத்தியம் அது. நிலத்துக்காக ஆட்கள் வெட்டிக்கொண்ட காலத்தில், எந்த வீட்டுப் பாத்திரம் வரவில்லை என்று பார்த்தே ஊர் கொலைகாரனைத் தெரிந்துகொண்டது.

எஜீதியோ வீட்டுக் கீழ்த் தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒர்னெல்லா வடக்கே பெர்காமோ ஊர்க்காரி. நேற்று அவள் கணவன் ஃபவுஸ்தோ பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார். உடல் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மகன் வடக்கிலிருந்து காரில் வந்து சேரச் சாயங்காலமாகும். இந்த ஊரில் அவளுக்கு யாருமில்லை. நெருங்கிய வீடு என்றால், விடுமுறைக்கு அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர் வீடுதான். அதனால் தெரு முழுக்க எஜீதியோவின் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சமையலறையில் அவர் மகள் தொனாத்தா கோழிச் சாற்றின் மேல் மிதந்த நுரையை எடுத்துக்கொண்டிருந்தாள். டூரினில் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் ஊருக்குத் திரும்பியவள் அவள். கீழ்த் தளத்துக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு விடுகிற யோசனையும் அவளுடையதுதான். பாட்டன் காலத்து வீட்டில் கண்டவர்களும் வந்து படுப்பதா என்று எஜீதியோ ஒரு குளிர்காலம் முழுக்க மகளோடு பேசவில்லை. பிறகு கூரை ஒழுகியது. ஒப்புக்கொண்டார்.

"அடுப்ப அணை," என்றார்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கணும்பா."

"அணைன்னு சொன்னேன். இது கீழ போகாது."

தொனாத்தா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பதி வந்த முதல் நாளே ஃபவுஸ்தோ முற்றத்தில் நின்று, "வாழ்நாள் பூரா பஸ் ஓட்டி ஊர் சனத்துக்கு ஊரக் காமிச்சேன். இப்ப எனக்கு யாராவது எதையாவது காமிங்கம்மா," என்று தொனாத்தாவிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் தினம் ஒரு இடம் சொல்லி அனுப்பினாள். எதுவும் சரியாக அமையவில்லை. மத்தேராவுக்குப் போன அன்று மழை கொட்டியது. குகை வீடுகளைப் பார்க்கப் போனவர்கள் ஒரு காபிக் கடைக் கூடாரத்தின் கீழ் நின்று திரும்பினார்கள். கடற்கரைக்குப் போன அன்று அலை பெரிதாக இருந்ததால் படகு விடவில்லை. பழைய கோட்டை ஒன்றுக்கு அனுப்பினாள். பழுது பார்க்கிறோம் என்று பூட்டியிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்து அத்தி மரத்தடியில் உட்கார்ந்து கோப்பையில் மதுவை ஊற்றிக்கொண்டு, ஒர்னெல்லா தன் முட்டியைத் தேய்த்துக்கொள்வாள்.

"இன்னிக்கு என்ன பாத்தோம் தெரியுமா தொனாத்தா? ஒரு பூட்டு. ரொம்ப அழகான பூட்டு. நூறு வருஷப் பழசு இருக்கும்."

ஃபவுஸ்தோ சிரிப்பார். தொனாத்தா சிரிக்க மாட்டாள். போன மாதம் தங்கியவர்கள் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொன்னதை ரத்து செய்துவிட்டன.

நேற்றுக் காலை ஒர்னெல்லா முட்டி வலியால் எழுந்திருக்கவில்லை. ஃபவுஸ்தோ மட்டும் முற்றத்துக்கு வந்து, இன்று எந்தப் பூட்டைப் பார்க்க அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னிக்கு நிஜமாவே அழகான இடம்," என்றாள் தொனாத்தா. "சான் விதாலே மடம். பாறையக் குடைஞ்சு கட்டினது. வெளியூர்க்காரங்க யாருக்கும் தெரியாது. ரோட்டு வழியா போனா பெரிய சுத்து. பள்ளத்து மேல மரப்பாலம் இருக்கு, அதுல போங்க. தடுப்பு போட்டு போர்டு வச்சிருப்பாங்க. அது பேருக்கு வச்சது. நாங்க எல்லாம் ஓரமா நுழைஞ்சுதான் போவோம்."

"போர்டு வச்சிருந்தா நான் போக மாட்டேனே. பஸ்காரன்மா நான்."

"அட, நம்புங்க. இங்க எல்லாத்துக்கும் போர்டு வப்பாங்க. சர்ச் வாசல்லகூட ஒண்ணு இருக்கு."

மேல்மாடி ஜன்னலோரம் எஜீதியோ முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. பனிக்காலத்து மண்சரிவில் அந்தப் பாலத்தின் ஒரு முனை இறங்கிவிட்டது. அப்போதிலிருந்து ஆடு மேய்ப்பவர்கள்கூட அதில் கால் வைப்பதில்லை. தொனாத்தா சொன்னது அவளுடைய சிறுவயதுப் பாலத்தை. அவர் குழாயை மூடினார். ஜன்னல் கதவில் கை வைத்தார்.

கூப்பிடவில்லை. அந்நியன் எதிரில் பெற்ற மகளை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று மேலிருந்து கத்துவதா? அந்த வீட்டில் வெளியார் முன்னால் யாரும் தம் மனிதரின் பேச்சை வெட்டியதில்லை. அவர் தகப்பன் குடித்துவிட்டு உளறும்போதுகூடத் தாய் அருகில் நின்று தலையாட்டுவாள். கதவைச் சாத்திய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறு கன்னத்தையும் மழித்து, முகம் துடைத்து, சட்டை போட்டுக்கொண்டு இறங்கினபோது ஃபவுஸ்தோவின் கார் போய்விட்டிருந்தது. பாலத்தைப் பார்த்தாலே எவனும் திரும்பிவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் பள்ளத்தடியில் ஃபவுஸ்தோவைக் கண்டெடுத்தார்கள்.

"அப்பா," என்றாள் தொனாத்தா. கரண்டியிலிருந்து சாறு தரையில் சொட்டியது. "போலீஸ் சார்ஜென்ட் எழுதிட்டுப் போயிட்டார். தடுப்பத் தாண்டினது ஃபவுஸ்தோவோட கவனக்குறைவுன்னு. யாரும் நம்மளக் கேக்கல. இதக் கொண்டுபோயி வச்சிட்டு ஒரு வாய் தின்னுட்டு வந்தா முடிஞ்சிடும். கொண்டுபோகலன்னா லுக்ரேசியா இப்பவே மணி அடிச்சு ஊரக் கூட்டிடுவா."

"தெரியும்."

"என்னய ஜெயில்ல போடுவாங்க. வீட்டுக்கு ஒரு நாய் வராது. உங்க பேரு, தாத்தா பேரு, எல்லாம் போயிடும். அதுதானே உங்களுக்கு உசிரு?"

"பேரு போகக் கூடாதுன்னுதான் சொல்றேன். சாவுக்குக் காரணமா இருந்துட்டு அந்த மேசையில உக்காந்து தின்னவன் நம்ம வீட்டுல இல்ல. நான் முதல் ஆளா இருக்க மாட்டேன்."

தொனாத்தா கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டாள்.

"காரணம் நான் ஒருத்தி மட்டுமா? நேத்து மேல தண்ணி ஓடிட்டிருந்த சத்தம் நின்னுச்சு. நீங்க கேட்டுட்டு இருந்தீங்க. எதாவது தப்புன்னா அப்பா சொல்லுவார்னு நெனச்சேன். நீங்க சொல்லல. சரி, பாலம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

தன் மௌனத்தை மகள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பாள் என்பது நேற்றிலிருந்து ஒரு தடவைகூட எஜீதியோவுக்குத் தோன்றவில்லை. அவரே அடுப்பை அணைத்தார். மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெறும் கையோடு கீழே இறங்கினார்.

ஒர்னெல்லா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கணவனின் மூக்குக் கண்ணாடிக் கூடும் கார்ச் சாவியும் ஒரு பிளாஸ்டிக் பையில் எதிரே கிடந்தன. அவள் கண்கள் காய்ந்திருந்தன.

"வாங்க தோன் எஜீதியோ. வெளிய எல்லாரும் எதுக்கோ காத்திருக்காங்க போலருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

"சாப்பாடு கொண்டுவரக் காத்திருக்காங்க."

"எனக்குப் பசிக்கல. கோவந்தான் வருது." அவள் சாவியைத் தள்ளினாள். "சார்ஜென்ட் காட்டினார். எவ்வளவு பெரிய போர்டு, மஞ்சக் கலர்ல. நாப்பது வருஷம் ரோட்டுல போர்டு பாத்தே பொழச்ச மனுஷன். என் மகன் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? அப்பாவுக்குக் கடைசில புத்தி பேதலிச்சிருச்சாம்மான்னு கேக்கறான். நான் என்ன சொல்றது? ஆமாடான்னு சொன்னேன். ராத்திரி பூரா அந்த ஆளத் திட்டிட்டே உக்காந்திருந்தேன். முட்டாள்தனமா செத்தவனுக்கு எப்படி அழறது?"

எஜீதியோ உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டுதான் இறங்கினார். இப்போது அந்த வரிசை நிற்கவில்லை. தன் வீட்டுப் பெயரைக் காக்க இன்னொரு வீட்டுச் செத்த மனிதனின் பெயர் இங்கே தரையில் கிடந்தது. அவனால் எழுந்து வந்து அதைத் துடைத்துக்கொள்ள முடியாது.

"உங்க வீட்டுக்காரர் முட்டாள் இல்லம்மா," என்றார். "போர்டு இருந்தா போக மாட்டேன்னுதான் சொன்னார். போகலாம், அது பேருக்கு வச்சதுன்னு சொன்னது எங்க வீடு."

ஒர்னெல்லா நிமிர்ந்தாள். "யாரு? தொனாத்தாவா?"

"சொன்னது என் மக. அவளுக்கு அந்தப் பாலம் இறங்கினது தெரியாது. எனக்குத் தெரியும். மேல ஜன்னல்ல நின்னு கேட்டேன். வாயத் தொறக்கல."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் பதில் இருந்தது. இந்தப் பெண்ணின் முன்னால் வைக்கக்கூடிய பதிலாக அது இல்லை.

"வெக்கப்பட்டேன்," என்றார்.

ஒர்னெல்லா பிளாஸ்டிக் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை மெதுவாகத் தடவினாள். அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "என்னப் பெத்தவளே, ராத்திரி பூரா திட்டினேனே," என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஆறுதல் சொல்கிற உரிமை எஜீதியோவுக்கு இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போகவும் கால் எழவில்லை.

"சார்ஜென்ட்கிட்ட இத சொல்லப் போறோம்," என்றார் கடைசியில்.

"சொல்லுங்க. சொல்லாம இருங்க. அந்த ஆள் எந்திரிச்சு வரப்போறாரா?" அவள் முகத்தை நிமிர்த்தாமலே கதவைக் காட்டினாள். "வெளிய போங்க. என் மகன் வரும்போது நீங்க ரெண்டு பேரும் அவன் கண்ணுல படக் கூடாது. அவன் கோவத்துல கை ஓங்கிடுவான்."

அவர் வெளியே வந்தார். வெயில் கல் தெருவில் வெள்ளையாக அடித்தது. லுக்ரேசியா அவருடைய வெறும் கைகளைப் பார்த்தாள்.

"என்ன தோன் எஜீதியோ, உப்பு கம்மியா இருக்கான்னு கேக்கப் போயிருந்தீங்களா?"

"உன் பாத்திரத்த எடுத்துட்டு உள்ள போ, லுக்ரேசியா. அந்தம்மா வெறும் வயித்தோட இருக்கா. எங்க வீட்டுலேர்ந்து வராது."

லுக்ரேசியாவின் வாய் அப்படியே நின்றது. நாற்காலிகளில் இருந்த இரண்டு பெண்களும் எழுந்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் அதற்கு மேல் கேட்க எதுவும் கிடையாது. லுக்ரேசியா தன் வீட்டுக்குள் போய்ப் பாத்திரத்தோடு வந்தாள். அவரைத் தாண்டும்போது, தன் பாவாடை அவர் மேல் படாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

எஜீதியோ மாடியைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார். தொனாத்தா ஏற்கனவே படியில் நின்றிருந்தாள். சமையல் மேலாடையைக் கழற்றி வேறு சட்டை போட்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"சார்ஜென்ட்கிட்ட நான் தனியாப் போறேன்பா. உங்கள யாரும் கேக்கல."

"கைய கொடு."

இருவரும் சேர்ந்து சரிவில் இறங்கினார்கள். காவல் நிலையம் ஊர்ச் சதுக்கத்தைத் தாண்டி இருந்தது. மதுக்கடை வாசலில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எஜீதியோ கடந்து போனால் தொப்பியைத் தொட்டு எழுந்து நிற்பது அங்கே வழக்கம். அவர்களுக்கு முன்னாலேயே சேதி இறங்கிவிட்டிருந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லாரும் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் மட்டும் நகரவில்லை.

தொனாத்தா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வேகமா போயிடலாம்பா. சந்து வழியா போயிடலாம்."

"வேண்டாம்," என்றார் எஜீதியோ. "நடுவுலயே நட. மெதுவா நட. பாக்கட்டும்."