தில்சராவுக்கு வந்த விசா

தில்சராவை பாக்மதி ஆற்றங்கரையில் எரித்த தீட்டு இன்னும் கழியவில்லை. அதற்குள் அவளுக்கு ஜப்பான் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அவளுடைய கைபேசிக்குத் தகவல் வந்தது. கைபேசி இப்போது தங்கை மன்சராவிடம் இருந்தது.

இருவரும் இரட்டைப் பிறவிகள். நேபாளத்தில் பாக்லுங் மலைக்காரிகள். அக்கா புருஷன் யாம் பகதூர் ஜப்பானில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள அவன் ஏற்பாடு செய்ய, காட்மாண்டுவில் கோங்கபு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் அக்காவும் தங்கையும் காத்துக் கிடந்தார்கள். மன்சராவுக்கும் ஜப்பான் ஆசை உண்டு. அங்கே மொழிப் பள்ளியில் படிக்கப் போகிறேன் என்று இரண்டு தடவை விசா கேட்டாள். இரண்டு தடவையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குக் கிடைத்துவிடும் என்று தெரிந்த நாளில் அவள் சிரித்த முகத்தோடு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். அடுத்த வாரமே அக்காவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை. மழையில் மலை சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் ஊரிலிருந்து அம்மாவால் வரக்கூட முடியவில்லை. அண்ணன் கிம் பகதூர்தான் கொள்ளி வைத்தான்.

ஆள் செத்துவிட்டாள் என்று சொல்லி பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கி வரத்தான் மன்சரா போனாள். விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் முகத்தைப் பார்த்தாள், புகைப்படத்தைப் பார்த்தாள்.

"தில்சரா புன் தானே? இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க. வாழ்த்துக்கள் அக்கா!"

மன்சரா வாயைத் திறந்தாள். கைதான் பேனாவை எடுத்தது. போட்டு முடித்த பிறகு பார்த்தால், அச்சு அசலாக அக்காவின் கையெழுத்து. அந்தக் கடைசிச் சுழி மன்சராவுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கிம் பகதூர் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினான். மைக்ரோபஸ் ஓட்டுகிறவன், எதையும் யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

"எமன் எடுத்துட்டுப் போனதை விசா ஆபீஸ்காரன் திருப்பிக் குடுத்திருக்கான்டி. போயிடு."

"என்ன பேச்சு பேசுற அண்ணா? செத்தவ பேர்லயா?"

"பேருதானே வேற? மூஞ்சி ஒண்ணுதானே! நீ கெஞ்சிக் கேட்டப்போ குடுத்தானா? இப்போ கேக்காமலே குடுத்திருக்கான். அங்க போயி உன் வேலைய நீ பாரு. அத்தான்கிட்டயும் நான் பேசிட்டேன்."

"சீ" என்றாள் மன்சரா. சொன்னாளே தவிர, பாஸ்போர்ட்டை அவன் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

யாம் பகதூர் போனில் கூப்பிட்டான். மனைவி எரிந்ததைக் கைபேசித் திரையில் பார்த்தவன். லீவு கிடைக்கவில்லை. குரல் வறண்டு கிடந்தது.

"இங்க எறங்குன உடனே ஏதாவது கேப்பாங்க மன்சரா. எல்லாத்துக்கும் பதில் சொல்லத் தெரியணும். எங்க கல்யாணம் எப்போ?"

சொன்னாள்.

"ஊர்வலத்துல ஆத்தைக் கடக்கும்போது என்ன தொலைஞ்சது?"

"எடது கால் செருப்பு. நீங்க உங்க செருப்பக் கழட்டிக் குடுத்தீங்க. பெரிசா இருந்துச்சு, நடக்க வரல" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"அத்தான்?"

"அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவ வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தா" என்றான். பிறகு, "தில்சரா?" என்று கேட்டான். மன்சரா போனை வைத்துவிட்டாள். செருப்பு விஷயம் தனக்கு எப்படித் தெரியும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஆற்றுத் தண்ணீரின் சில்லிப்பு மட்டும் இடது பாதத்தில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கேள்வியையும் பதிலையும் தானே சொல்லிப் பழகினாள். ஒருநாள் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்தினாள்.

"பரவால்ல, துணைக்கு ஆள் வந்தாச்சா? இப்படித் தனியாக் கெடக்கிறாளேன்னு எனக்கு மனசே ஆறல."

"யாரும் வரலையேம்மா."

"எனக்கென்ன காது செவிடா? கேள்வி கேட்டது ஒருத்தி, பதில் சொன்னது ஒருத்தி. நடுவுல ரெண்டு பேரும் சிரிச்சீங்களே!"

மன்சரா சிரிக்கவே இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

புறப்படுகிற அன்று விமான நிலைய வாசலில் கிம் பகதூர் நெற்றி நிறைய அரிசியும் குங்குமமும் குழைத்த டீகா அப்பி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டான். "பத்திரமாப் போ தில்சரா" என்றான். ஒத்திகைக்காகச் சொன்னானா, வாய் தவறியதா தெரியவில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போகிற ஆட்கள் ஒரே மாதிரித் தொப்பி வைத்துக்கொண்டு நீளமாக நின்றார்கள். மன்சராவின் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு நடுத்தர வயது, தூக்கக் கலக்கமான முகம்.

"பேரு?"

"தில்சரா புன்."

அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஒவ்வொருத்தராத்தான் வரணும். அவங்கள கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க."

"என்கூட யாரும் வரல சார்."

"விளையாடாதீங்கம்மா. உங்கள மாதிரியே இருக்காங்க. இரட்டையா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. கொட்டாவியை அடக்கிக்கொண்டு, தினமும் கேட்கிற கேள்வியைப் போலத்தான் கேட்டார். மன்சராவின் பிடரியில் மூச்சுப் பட்டது. கடுகெண்ணெய் வாசம். அக்கா தலைக்குக் கடுகெண்ணெய் தவிர வேறு எதுவும் தடவ மாட்டாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதது ஞாபகம் வந்தது. இது யாருடைய விசா?

"உங்க ரெண்டு பேர்ல தில்சரா யாரு? சீக்கிரம் சொல்லுங்க, கூட்டம் நிக்குது."

"அவங்கதான்" என்றாள் மன்சரா.

சொல்லிவிட்டு விலகி நடந்தாள். பாஸ்போர்ட் கவுண்டரிலேயே கிடந்தது. முதுகுக்குப் பின்னால் முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. "போகலாம்" என்று அவர் யாரிடமோ சொன்னதும் கேட்டது.

வெளியே கிம் பகதூர் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"என்னடி ஆச்சு? திருப்பி அனுப்பிட்டானா? பாஸ்போர்ட் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"அக்காகிட்ட."

அடிக்கக் கையை ஓங்கியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

மறுநாள் அவளே அத்தானைக் கூப்பிட்டாள். விமான நிலையத்தில் வீணாகக் காத்துக் கிடந்திருப்பான், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான்.

"மெதுவாப் பேசு மன்சரா" என்றான் யாம் பகதூர். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "பிரயாணக் களைப்பு. தூங்கிட்டிருக்கா."

"யாரு அத்தான்?"

"என்ன கேள்வி இது? நீ அனுப்பி வச்சவதான். சோறு தின்னா, குளிருதுன்னு சொன்னா, இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டா. இரு, முழிச்சிட்டா. பேசுறியா?"

போன் கை மாறியது. வளையல் உரசியது. பேசுவதற்காக யாரோ மூச்சை இழுத்தார்கள். மன்சரா தொடர்பைத் துண்டித்து, கைபேசியை அணைத்தே வைத்துவிட்டாள்.

கிம் பகதூர் இரண்டு இடத்துக்குப் போய்வந்தான். விமான நிலையத்தில் விசாரித்ததில், தில்சரா புன் என்கிற பெண் அன்றைய விமானத்தில் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். ஊரில் வார்டு அலுவலகத்தில் சாவைப் பதிவு செய்யப் போனால், எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாட்டை விட்டுப் போனவளுக்கு நான் எப்படிப்பா சாவு எழுதுறது?" அதோடு அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

தசைன் பண்டிகை வந்தது. மன்சரா ஊருக்குப் போகவில்லை. அம்மா போனில் கூப்பிட்டாள். அவள் குரலில் இத்தனை மாதம் இருந்த அழுகை இல்லை.

"அக்கா தினமும் பேசுறாடி. குரல்தான் கொஞ்சம் கம்மியிருக்கு. அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கலையாம்."

"அம்மா, அக்காவை நாங்கதான்..."

"நான் பாக்கலையே! பாதை அடைச்சுக் கெடந்துச்சு, நான் எதையும் பாக்கல. எம் பொண்ணு ஜப்பான்ல இருக்கா. பேசுறா, சிரிக்கிறா."

மன்சரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்படின்னா அன்னிக்கு எரிச்சது யாரைம்மா?"

ஊரில் யார் வீட்டிலோ ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு அம்மா, பயந்துபோன குரலில், மிக மெதுவாகக் கேட்டாள்.

"நீ எங்கேருந்துடி பேசுற, மன்சரா?"