இரண்டாவது பம்ப்

சோதனைக் கருவியின் திரையில் ஓடிய கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு மேடு இல்லை, சிறு நடுக்கம்கூட இல்லை. பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல செய்திக்கு எரிச்சல்படுகிற ஜென்மம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"உங்க அம்மா பண்ணை மட்டிதான், மிரே. விஷம் இல்லை. கையெழுத்துப் போடு" என்றார் எங்கள் சோதனைக்கூடத் தலைவர் பாங்.

வசந்தம் வந்தால் எங்கள் கோஜே தீவுக் கடலில் கயிறு கட்டி வளர்க்கும் மட்டிச் சிப்பியில் விஷம் ஏறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றால் முதலில் உதடு மரத்துப்போகும், முற்றினால் மூச்சு நிற்கும். அந்த விஷம் கருவியின் கண்ணுக்குத் தானாகத் தெரியாது. குழாயில் அது பிரிந்து வரும்போது இரண்டாவது பம்ப் ஒரு ரசாயனத்தைக் கலக்க வேண்டும். சூடான குழாய்ச் சுருளுக்குள் இரண்டும் வினைபுரிந்த பிறகுதான் விஷம் ஒளிரும்.

குனிந்து பார்த்தேன். இரண்டாவது பம்ப் அணைந்து கிடந்தது.

"சார், இது ஓடவே இல்லையே?"

"அடைச்சுக்கிச்சு, நிறுத்திட்டேன். அதனால என்ன? மெஷின் ஓடிச்சுல்ல?"

அளவு சரிபார்க்க வைத்திருக்கும் விஷக் கரைசலை எடுத்து, பம்பைத் தொடாமல், அப்படியே கருவியில் ஏற்றினேன். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு மறுபடியும் நேராகவே போனது.

"சுத்தமான விஷத்தையே ஏத்தியிருக்கேன் சார். அதையும் இல்லைங்குது. மிச்சத்தை நீங்க குடிக்கிறீங்களா?"

பாங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருக்காகச் செஞ்சேன்னு நினைக்கிறே? பூ விழாவுக்கு மட்டி தின்ன ஊரே திரண்டு வருது. இன்னைக்குப் பண்ணையை மூடினா உங்கம்மாவோட வருஷ உழைப்பு மொத்தமும் கயித்துலயே தொங்கும்."

உண்மைதான். அதனால்தான் ஆத்திரம் இன்னும் பொங்கியது. அம்மாவைக் காட்டியா என் வாயை அடைப்பார்? அடைப்பை எடுத்து, பம்பை ஓடவிட்டு, அம்மாவின் மட்டிச் சாற்றை மறுபடி ஏற்றினேன். மேடு எழுந்தது. அனுமதித்த அளவையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது.

"இதை நான் பார்க்கலை" என்றார் பாங்.

"நான் பார்த்துட்டேன்."

முடிவை அவர் கண்ணெதிரேயே மீன்துறைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம மட்டியிலயா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"லாரி கிளம்பப் போகுதுடி!"

"நிறுத்து."

"பக்கத்துப் பண்ணைக்காரனை விட்டுட்டே, பெத்தவதான் கிடைச்சேனா?"

"அவனுதும் வரும். முதல்ல நம்மளுது."

திட்டினாள். என்னைப் பெற்றதற்கு, படிக்க வைத்ததற்கு, பனிக்காலமெல்லாம் கை விறைக்கக் கயிறு கட்டியதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினாள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. திடீரென்று அவள் குரல் வேறு பக்கம் திரும்பியது.

"இறக்குங்கடா எல்லாத்தையும்! காது கேக்கலையா? ஒரு மூட்டைகூடப் போகக் கூடாது!"

பிறகு என்னிடம் சொன்னாள். "இந்த வாசப்படியை மிதிச்சே, காலை உடைப்பேன்."

"மிதிப்பேன்" என்றேன். "சோறு ஆக்கி வை."